பாம்புக்கடி மருந்தும் பிந்தி வரும் காய்ச்சலும்

திருத்தணிப் பக்கத்துக் கரும்பு, நெல் வயல்களில் பாம்பு கடித்தவருக்கு ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து தயாராகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் முறிக்கும் மருந்து அது. மருந்துக்காகக் குதிரைகளுக்குச் செலுத்தும் விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துத் தருவது, 1978இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். எத்தனையோ உயிர்கள் இவர்களுக்குக் கடன்பட்டவை.

ஆனால் குதிரைப் புரதம் மனித உடலுக்கு அந்நியம். அதற்கு எதிராக உடல் மெல்ல எதிர்ப்பொருள்களை உருவாக்குகிறது. இரண்டும் பிணைந்த திரள்கள் தோல், மூட்டு, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிந்து அழற்சியைக் கிளப்புகின்றன. அதனால்தான் மருந்து ஏற்றிய உடனே அல்லாமல், பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களுக்குள் காய்ச்சல், அரிப்புத் தடிப்பு, மூட்டுவலி, நெறிகட்டுதல் வருகின்றன. வியன்னாவில் பிர்கே, ஷிக் என்ற மருத்துவர்கள் 1905இல் இதைச் ‘சீரம் நோய்’ என விளக்கினர். பென்சிலின் போன்ற மருந்துகளாலும் இத்தகைய அறிகுறிகள் தோன்றுவதுண்டு.

வீடு திரும்பியவர் இதைச் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணிவிடுவதே பெரிய சிக்கல். விஷமுறிவு ஊசி போட்ட விவரத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஒவ்வாமை மாத்திரையும், தேவைப்பட்டால் சில நாள் ஸ்டீராய்டும் தரப்படும். பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள். இந்தப் பின்விளைவுக்கு அஞ்சி, உயிர்காக்கும் ஊசியை யாரும் மறுக்கக் கூடாது.