குன்றேறும் மிதிவண்டிகள்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

மிதிவண்டிப் பந்தயம் என்றால் நம்மில் பலருக்குப் பொங்கல் விழாவில் நடைபெறும் ‘ஸ்லோ சைக்கிள்’ போட்டிதான் நினைவுக்கு வரும். காலை ஊன்றாமல் யார் கடைசியாக வருகிறாரோ அவருக்கு ஓர் எவர்சில்வர் தட்டு. இக்கட்டுரையில் நான் கூறவிருப்பது அதற்கு நேர்மாறான ஒன்று. இங்கிலாந்து நாட்டில் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தில், பந்தயப் பருவம் முடியும் தறுவாயில், நூற்றுக்கணக்கான ஆண்களும் பெண்களும் செங்குத்தான மேடுகளைத் தேடிச் சென்று மிதிவண்டியில் ஏறுகிறார்கள். இரண்டு நிமிடம், மிஞ்சினால் நான்கைந்து நிமிடம், அவ்வளவுதான் பந்தயம். ஏறி முடித்ததும் பலர் வண்டியிலிருந்து சாய்கிறார்கள். தாங்கிப் பிடிப்பதற்கென்றே மேலே ஆட்கள் நிற்கிறார்கள். இதற்கு அவர்களுக்குக் கூலியும் இல்லை, பெரிய பரிசும் இல்லை.

“ஏன் தம்பி, அப்புறம் எதுக்கு ஏறுறாங்க?” என்று என் தந்தையார் கேட்டார். அவர் பதினெட்டு ஆண்டுகள் மிதிவண்டியில் இளநீர்க் குலைகளைக் கட்டி விற்றவர். மேடு என்றால் என்னவென்று என்னைவிட அவருக்கு நன்கு தெரியும். அவருக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல இயலவில்லை. அதனால்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

முதலில் பருவம் என்றால் என்ன என்பதைக் கூறிவிடுகிறேன். இங்கிலாந்து நம்மைவிட வெகு வடக்கே உள்ள நாடு. நம் ஊரில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். அங்கோ கோடையில் பகல் பதினாறு மணி நேரத்தையும் தாண்டும். டிசம்பரில் எட்டு மணி நேரத்திற்கும் குறையும். பூமியின் அச்சு சாய்ந்திருப்பதன் விளைவு இது. எனவே கோடை மாலைகளில், வேலை முடிந்து வந்த பிறகும் வெளிச்சம் இருக்கும்போது, ஊர்தோறும் உள்ள மிதிவண்டிக் கழகங்கள் பத்து மைல் பந்தயங்களை நடத்துகின்றன. செப்டம்பர் பிறந்ததும் மாலை சுருங்குகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அந்நாட்டுக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். வழக்கமாக அதே ஞாயிறன்றுதான் தேசியக் குன்றேற்றப் போட்டியும் நடைபெறுகிறது. கோடை முழுதும் சேர்த்த உடல் வலிமையைக் கடைசியாக ஒரு முறை செலவு செய்துவிட்டுப் போவதுபோல் இருக்கிறது இந்த ஏற்பாடு.

இப்பந்தயத்தில் கூட்டமாக ஓட்டுவதில்லை. ஒரு நிமிடத்திற்கு ஒருவராகப் புறப்படுகிறார்கள். பின்னால் ஒருவர் இருக்கையைப் பிடித்துக்கொள்ள, ஓட்டுபவர் இரு கால்களையும் மிதிகட்டையில் பூட்டிக்கொண்டு காத்திருப்பார். நேரங்காட்டி ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணிவந்து ‘புறப்படு’ என்றதும் பாய்வார். போட்டி கடிகாரத்தோடுதான். இம்முறையை ‘டைம் டிரையல்’ என்பர்.

இம்முறை பிறந்த கதை சுவையானது. 1894-ல் நடந்த ஒரு சாலைப் பந்தயத்தில், மிதிவண்டிகள் கூட்டமாக வந்ததைக் கண்டு ஒரு குதிரை மிரண்டு பெருங் குழப்பம் விளைந்தது. காவலர் கெடுபிடி வருமே என்று அஞ்சிய தேசிய மிதிவண்டிச் சங்கம் சாலைப் பந்தயத்திற்கே தடை விதித்தது. அந்தக் குழப்பத்தில் விழுந்தவர்களுள் பிட்லேக் என்பவரும் ஒருவர். அவர்தான், ஒவ்வொருவராகத் தனித்தனியே புறப்பட்டால் பந்தயம் நடப்பதே வழிப்போக்கருக்குத் தெரியாதே என்று எண்ணி, 1895 அக்டோபரில் அவ்விதம் ஒரு போட்டியை நடத்திக் காட்டினார். அதன் பின் பல்லாண்டுகள் இங்கிலாந்தில் பந்தயம் என்பது ஏறக்குறைய திருட்டுத்தனமாகவே நடந்தது. விடியற்காலையில், ஆள் நடமாட்டமில்லாத சாலையில், கழுத்து முதல் கணுக்கால் வரை கறுப்பு உடை அணிந்து ஓட்டினார்கள். அழைப்புத் தாளில் ‘இரகசியம்’ என்று அச்சிட்டார்கள். பாதைகளுக்கு ஊர்ப் பெயரை எழுதாமல் எழுத்தும் எண்ணுமாகக் குறியீடு வைத்தார்கள். அந்தக் குறியீடுகள் இன்றும் மாறவில்லை.

குன்றேற்றத்திற்கு இத்தகைய மறைவு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. மேட்டில் மெதுவாக ஏறுகிறவனைக் கண்டு எந்தக் குதிரை மிரளும்? இலண்டனைச் சேர்ந்த கேட்ஃபோர்டு மிதிவண்டிக் கழகம் 1887-லேயே ஒரு குன்றேற்றப் போட்டியைத் தொடங்கிவிட்டது. இடையில் போர்கள் குறுக்கிட்டபோதிலும் அப்போட்டி இன்றளவும் நடைபெற்று வருகிறது. உலகில் இன்றும் உயிரோடிருக்கும் மிகப் பழைய மிதிவண்டிப் பந்தயம் இதுவே என்பர். தேசியப் போட்டி 1944-ல், உலகப் போர் முடியும் முன்னரே தொடங்கியது. இது ஆண்டுதோறும் வேறு வேறு குன்றுகளில் நடத்தப்படுகிறது.

கேட்ஃபோர்டு கழகத்தார் இப்போது ஏறும் மேடு, கென்ட் மாவட்டத்தில் உள்ள யார்க்ஸ் ஹில். மரங்கள் கவிந்த ஒற்றையடி வண்டிப்பாதை போன்ற சாலை. நீளம் ஏறத்தாழ 646 மீட்டர். சராசரியாக நூறு மீட்டர் போனால் பன்னிரண்டரை மீட்டர் ஏற்றம். மிகச் செங்குத்தான இடத்தில் நான்கு மீட்டருக்கு ஒரு மீட்டர். இலையுதிர் காலமாதலால் ஈர இலைகள் சாலையில் அப்பிக்கிடக்கும், சக்கரம் வழுக்கும். 1983-ல் பில் மேசன் என்பவர் இதை 1 நிமிடம் 47.6 வினாடியில் ஏறி முடித்தார். மிக நீண்ட காலம் அதை எவராலும் மிஞ்ச முடியவில்லை.

இயற்பியல் மாணவன் கையில் இப்படி ஓர் எண் கிடைத்தால் சும்மா இருக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்த உயரம் ஏறத்தாழ 80 மீட்டர். ஆளும் வண்டியும் சேர்ந்து 75 கிலோ என்று கொள்வோம். 75-ஐ 9.8-ஆலும் 80-ஆலும் பெருக்கினால் 58,800 ஜூல். இதை 107.6 வினாடியால் வகுத்தால் ஏறக்குறைய 546 வாட் திறன். இது ஈர்ப்பை எதிர்த்து மேலே தூக்குவதற்கு மட்டும். வேகம் வினாடிக்கு 6 மீட்டர். அந்த வேகத்தில் காற்றின் தடைக்கு ஏறத்தாழ 50 வாட்டும் சக்கரம் உருள்வதற்கு 20 வாட்டும் சேர்த்துக்கொண்டால் 620 வாட்டை நெருங்குகிறது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். நம் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் அரைக் குதிரைத்திறன் மோட்டாரைவிட, இரண்டு நிமிடத்திற்கு, அந்த மனிதரின் இரு கால்கள் அதிகமாக வேலை செய்திருக்கின்றன!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சமதளத்தில் விரைந்து ஓட்டுபவன் தன் ஆற்றலில் பெரும்பகுதியைக் காற்றுக்கே கொடுத்துவிடுகிறான். வேகம் இருமடங்கானால் காற்றுத் தடையை வெல்லத் தேவையான திறன் எட்டு மடங்காகும். ஆகவே அங்கே குனிந்து ஓட்டுவதும் வழவழப்பான தலைக்கவசமும் உதவும். மேட்டிலோ காற்றின் பங்கு பத்தில் ஒன்றுதான். மீதி எல்லாம் எடை. எடை, எடை, எடை! ஒரு கிலோ குறைந்தால் எவ்வளவு மிச்சம்? மேற்கண்ட கணக்கின்படி ஏறத்தாழ ஒன்றேகால் வினாடி. முதலிடமும் இரண்டாமிடமும் அரை வினாடியில் பிரியக்கூடிய பந்தயத்தில் ஒன்றேகால் வினாடி என்பது சொத்து.

இதற்காக அவர்கள் செய்யும் வேலைகளைக் கேட்டால் சிரிப்பு வரும். கைப்பிடியில் சுற்றிய நாடாவை உரித்துவிடுவார்கள். வளைந்த கைப்பிடியின் கீழ்ப்பகுதியை ரம்பத்தால் அறுத்தெறிவார்கள். இருக்கைத் தண்டிலும் பற்சக்கரத்திலும் துளைகள் இடுவார்கள். பலர் கியர் மாற்றும் கருவிகளையே கழற்றிவிட்டு, ஒரே பல்லோடு, மிதிப்பது நின்றால் சக்கரமும் நிற்கும்படியான வண்டியில் ஏறுகிறார்கள். சர்வதேசப் பந்தயங்களில் வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று விதி உண்டு. இந்தக் குன்றேற்றங்களில் அந்த விதி இல்லை. ஐந்து கிலோவுக்கும் குறைந்த வண்டிகள் வருகின்றன. பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு எனக்குத் தந்த மிதிவண்டியை மண்டித் தராசில் நிறுத்திப் பார்த்தேன். பத்தொன்பது கிலோவுக்குச் சற்று மேல். அதை வைத்துக்கொண்டு யார்க்ஸ் ஹில்லில் நான் எத்தனை வினாடி தாமதமாக வருவேன் என்று கணக்கிடவில்லை. வந்து சேர்ந்தால்தானே தாமதம்!

வண்டியின் கதை இவ்வாறிருக்க, உடலின் கதை இன்னும் கடினமானது. தசையில் உடனடியாகக் கைக்கொள்ளும்படி இருக்கும் ஆற்றல் பத்து வினாடி அளவுக்கே போதும். மூச்சின் வழியாக வரும் ஆக்சிஜனைக் கொண்டு தசைகள் முழு அளவில் இயங்கத் தொடங்க ஒரு நிமிடத்திற்கு மேல் ஆகிறது. இடைப்பட்ட நேரத்தில் உடல் கடன் வாங்குகிறது. ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் எடுக்கும்போது தசைக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. லாக்டிக் அமிலம்தான் எரிச்சலுக்குக் காரணம் என்று நாம் பள்ளியில் படித்தோம். விஷயம் அவ்வளவு எளிதல்ல, லாக்டேட்டைத் தசையே எரிபொருளாகவும் பயன்படுத்துகிறது என்பது இன்றைய ஆய்வாளர் கருத்து. எப்படியாயினும் கடன் கடன்தான். தொடக்கத்திலேயே அளவுக்கு மீறி வாங்கினால், செங்குத்தான இடம் வரும்போது கால் கல்லாகிவிடும். எனவே தேர்ந்தவர்கள் முதல் முப்பது வினாடியில் தங்களை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். சுற்றிலும் கூட்டம் தட்டையும் மணியையும் அடித்து ஆரவாரம் செய்யும்போது அப்படி அடக்கிக்கொள்வதுதான் இப்பந்தயத்தின் பெரிய திறமை என்பேன். குளிர்ந்த காற்றை அந்த வேகத்தில் இழுத்துவிடுவதால் முடிந்தபின் வெகுநேரம் வறட்டிருமல் வரும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். “இதைச் சொல்ல புஸ்தகம் வேணுமா? மேட்டுல எடுத்ததும் விரட்டினா பாதியில எறங்கித் தள்ளணும். லோடு இருந்தா அதுகூட முடியாது” என்றார்.

இனி, இப்பந்தயக்காரர்கள் யார்? ஊதியம் வாங்காமல் விளையாட்டின் மீதுள்ள விருப்பத்தால் மட்டும் ஆடுபவரை ‘அமெச்சூர்’ என்கிறோம். கேட்க நன்றாக இருக்கும் இச்சொல்லுக்கு இங்கிலாந்தில் ஓர் இருண்ட மறுபக்கம் இருந்தது. புகழ்பெற்ற ஹென்லி படகுப் போட்டியினர் 1879-ல் வகுத்த விதிப்படி, கூலிக்கு வேலை செய்யும் கைவினைஞரோ தொழிலாளியோ அமெச்சூர் ஆகவே முடியாது. உடலுழைப்பால் பிழைப்பவன் கனவான்களோடு போட்டியிடக் கூடாது என்பது கருத்து. 1937 வரை அவ்விதி நீடித்தது. இதைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் மனம் சரியில்லை.

மிதிவண்டிப் பந்தயம் அந்தக் கனவான்களின் கையில் நிற்கவில்லை. தொழிற்சாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்தவர்களால்தான் அங்கே கழகங்கள் நிரம்பின. வண்டி வேலைக்குப் போகவும் உதவியது, ஞாயிறன்று பந்தயத்திற்கும் உதவியது. கிரான்வில் சிட்னி என்பவர் 1963-க்கும் 1973-க்கும் இடையில் ஆறு முறை தேசியக் குன்றேற்றத்தை வென்றார். 1988 முதல் 1991 வரை தொடர்ந்து நான்கு முறை வென்ற கிறிஸ் போர்டுமன் தச்சுவேலை கற்றவர். 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றார். அண்மையில் 2018, 2020, 2022 ஆகிய ஆண்டுகளில் வென்ற ஆண்ட்ரூ ஃபெதர் ஒரு வழக்கறிஞர்.

ஆனால் இவர்கள் அனைவரையும்விட என் மனத்தில் நிற்பவர் பெரில் பர்ட்டன் என்ற அம்மையார். குன்றேற்றத்தில் அல்ல, நெடுந்தூரப் பந்தயத்தில் புகழ் பெற்றவர். சிறுவயதில் முடக்குக் காய்ச்சலால் மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவர். பின்னாளில் யார்க்‌ஷயரில் ருபார்ப் என்னும் செடி பயிரிடும் பண்ணையில் கூலி வேலை செய்தார்; மண் வெட்டி, மூட்டை சுமந்த உடம்பு. ஏழு முறை உலகப் பட்டம் வென்றும் கடைசிவரை அமெச்சூராகவே ஓட்டினார். 1967 செப்டம்பரில், பருவத்தின் கடைசி வாரங்களில், பன்னிரண்டு மணி நேரப் பந்தயம் ஒன்று நடந்தது. ஆண்கள் அனைவரும் புறப்பட்ட பிறகே பெண்கள் புறப்பட்டனர். பெரில் ஒவ்வொருவராகக் கடந்துகொண்டே வந்தார். இறுதியில் முன்னால் இருந்தவர் மைக் மெக்னமாரா ஒருவரே. அவரும் அன்று ஆண்களுக்கான புதிய சாதனையை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தார். அவரை எட்டிப் பிடித்த பெரில், சட்டைப்பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினாராம். அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாராம். முடிவில் மெக்னமாரா 276.52 மைல், பெரில் 277.25 மைல். அந்தத் தூரத்தை ஓர் ஆண் மிஞ்ச இரண்டு ஆண்டுகள் ஆயின. ஒரு பெண் மிஞ்ச 2017 வரை, ஐம்பது ஆண்டுகள் ஆயின.

இந்தக் கதையை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னேன். அம்மா களை எடுத்துவிட்டு வந்திருந்த மாலை. “பண்ணை வேலை செஞ்சுட்டு எப்படிம்மா அதுக்கு மேல ஓட்ட முடிஞ்சுது?” என்று என்னையே ‘அம்மா’ என்று விளித்து வியந்தார். பிறகு, “ஞாயித்துக்கிழமை அவளுக்கு லீவு இருந்திருக்கும்” என்று தாமே பதிலும் சொல்லிக்கொண்டார். அப்பா நெடுநேரம் பேசவில்லை. எழுந்து போகும்போது, “அந்த மேட்டுல மேல ஏறின பெறகு எறக்கம் உண்டா?” என்று மட்டும் கேட்டார். உண்டு என்றேன். “அப்ப சரி” என்றார்.

குன்றேற்றம் முடிந்ததும் சிற்றூர் மண்டபத்தில் தேநீரும் கேக்கும் கிடைக்கும். நவம்பர் பிறந்ததும் கழகங்களின் ஆண்டு விருந்துகள் தொடங்கும். ஆண்டு முழுதும் நேரம் குறித்தவருக்கும், தேநீர் போட்டவருக்கும், கடைசியாக வந்தவருக்கும்கூட ஒரு கோப்பை உண்டு. குளிர்காலத்தில் வண்டிகள் கொட்டகைக்குப் போய்விடும். ஆயினும் எல்லாரும் முழுதாக ஓய்வதில்லை. புத்தாண்டு நாளன்று காலையில், பனி இல்லையென்றால், சில கழகங்கள் மறுபடியும் ஒரு பத்து மைல் பந்தயத்தை வைத்துவிடுகின்றன.