மாதவிடாய்க்கு முந்தைய நோய்க்குறித்தொகை: சீன மரபு மருத்துவ விளக்கமும் சித்த மருத்துவ ஒப்புநோக்கும்

ஆய்வுச் சுருக்கம்

மாதவிடாய்க்குச் சில நாள்கள் முன்பாகத் தோன்றி, உதிரப்போக்குத் தொடங்கியபின் தணியும் உடல், மனத் துன்பங்களைச் சீன மரபு மருத்துவம் உயிராற்றலின் தேக்கமாக விளக்குகிறது. சித்த மருத்துவம் அபானன் என்னும் கீழ்நோக்குக் காற்றின் செயற்பாட்டையும் வேகங்களை அடக்குவதால் விளையும் கேட்டையும் பேசுகிறது. இவ்விரு விளக்கங்களும் எங்கு ஒத்துள்ளன, எங்கு வேறுபடுகின்றன, தமிழில் எடுத்துரைக்கும்போது எங்குப் பிழைபடுகின்றன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கருத்தொப்புமையைச் சிகிச்சைக்கான சான்றாகக் கொள்ளலாகாது என்பதையும் நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மாதவிடாய், சீன மரபு மருத்துவம், சித்த மருத்துவம், அபானன், பதினான்கு வேகங்கள், கலைச்சொல்லாக்கம்.

1. முன்னுரை

தமிழில் மாதவிடாயைக் குறிக்கும் சொற்கள் பல. பூப்பு, சூதகம், தூமை, தூரம், வீட்டுவிலக்கு முதலிய இச்சொற்கள் உதிரம் வெளிப்படும் நிலையையோ அந்நாள்களில் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட விலக்கையோ சுட்டுவன. தொல்காப்பியத்தின் கற்பியல் பூப்பை ஒட்டிய 12 நாள்களைக் குறித்துத் தனி நூற்பா வகுத்துள்ளது. சித்த மருத்துவ வழக்கிலுள்ள பெரும்பாடு, சூதகவலி ஆகிய நோய்ப்பெயர்கள் போக்கின் மிகுதியையும் வலியையும் குறிக்கின்றன. ஆனால், உதிரப்போக்குக்கு முந்தைய நாள்களின் துன்பத்திற்கு இவற்றைப்போல் மக்கள் நாவில் நிலைபெற்ற பெயர் அமையவில்லை.

பெயர் பெறாத துன்பம் நோயாகக் கருதப்படுவதில்லை. அது பெண்ணின் குணமாகக் கொள்ளப்படுகிறது. மாதந்தோறும் குறித்த நாள்களில் வந்துபோகும் எரிச்சலும் அழுகையும் சோர்வும் ‘கோபக்காரி’, ‘சோம்பேறி’ என்னும் பட்டங்களாக மாறிவிடுகின்றன. இத்துன்பத்திற்கு ஒரு விளக்க முறையைத் தரும் சீன மரபு மருத்துவத்தைத் தமிழ் மருத்துவ மரபோடு ஒப்புநோக்குவது இதனால் தேவையாகிறது.

2. இக்கால மருத்துவ வரையறை

1931ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் இராபர்ட் பிராங்க் இந்நிலையை ‘மாதவிடாய்க்கு முந்தைய இறுக்கம்’ எனக் குறித்தார். இறுக்கம் என்பது பல குறிகளுள் ஒன்றே எனக் கருதிய இரேமண்ட் கிரீன், கேத்தரினா டால்டன் ஆகிய இங்கிலாந்து மருத்துவர்கள் 1953இல் ‘நோய்க்குறித்தொகை’ என்னும் பெயரை முன்வைத்தனர். மார்பகக் கனம், வயிற்று உப்புசம், தலைவலி, கைகால் வீக்கம், எரிச்சல், மனச்சோர்வு, உறக்கக் கேடு ஆகியன இதன் முதன்மைக் குறிகள். இவற்றுள் மிகக் கடுமையான மனநிலைப் பாதிப்பு, அமெரிக்க உளமருத்துவக் கழகம் 2013இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் தனி நோயாக இடம்பெற்றது.

குறிகளைக் காட்டிலும் காலமே இங்கு நோயை வரையறுக்கிறது. சினைமுட்டை வெளிப்பட்டதற்குப் பிந்தைய நாள்களில் தோன்ற வேண்டும். உதிரப்போக்குத் தொடங்கிய சில நாள்களுக்குள் தணிய வேண்டும். இடைப்பட்ட ஒரு வாரமேனும் துன்பமின்றி அமைய வேண்டும். காரணம் பற்றிய தெளிவுக்கு 1998இல் பீட்டர் சுமித் குழுவினர் வெளியிட்ட ஆய்வு பெரிதும் உதவியது. பாதிக்கப்பட்ட பெண்களின் இயக்குநீர் அளவு இயல்பாகவே உள்ளது. அந்த இயல்பான ஏற்ற இறக்கத்திற்கு அவர்தம் மூளை காட்டும் எதிர்வினையே வேறுபடுகிறது என்பது அவ்வாய்வின் சாரம். எனவே, இது கற்பனையும் அன்று, குணக்கேடும் அன்று.

3. சீன மரபு மருத்துவ விளக்கம்

சீனப் பெண்மருத்துவ நூல்கள் இத்துன்பங்களை மாதவிடாயையொட்டிய மார்பக வீக்கவலி, தலைவலி, உடல்வீக்கம், வயிற்றுப்போக்கு, மனநிலைத் திரிபு எனத் தனித்தனியே பெயரிட்டு வகுக்கின்றன. இவற்றை இணைக்கும் விளக்கம் பின்வருமாறு அமைகிறது.

உடலில் ‘ச்சி’ எனப்படும் உயிராற்றலும் குருதியும் இடையறாது ஓட வேண்டும். மாதவிடாய்க்கு முன் குருதி ‘குருதிக்கடல்’ எனப்படும் சோங் நாளத்தில் திரண்டு கருப்பையை நோக்கி இறங்குகிறது. அப்போது உடலின் பிற பகுதிகளில் குருதி ஒப்பளவில் குறைகிறது. குருதியைச் சேமித்து, உயிராற்றலின் ஓட்டத்தைச் சீராக்குவது கல்லீரல் என்பது சீனக் கொள்கை. குருதி குறையக் கல்லீரல் ஊட்டம் இழக்கிறது, அதன் சீராக்கும் திறன் தளர்கிறது, உயிராற்றல் தேங்குகிறது. அடக்கிய சினமும் நீடித்த மனவருத்தமும் இத்தேக்கத்தை மிகுவிக்கின்றன. உதிரம் வெளிப்பட்டதும் தேக்கம் உடைவதால் துன்பம் தணிகிறது. குறிகள் ஏன் அந்நாள்களில் மட்டும் தோன்றி மறைகின்றன என்னும் வினாவிற்கு இவ்விளக்கத்திலேயே விடை அமைந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

ஒரே நோய்க்குறித்தொகை பெண்ணுக்குப் பெண் வேறுபட்ட கோலங்களாகப் பகுக்கப்படுகிறது. மார்பக வலியும் விலாப்புற இறுக்கமும் எரிச்சலும் மேலோங்கினால் கல்லீரல் தேக்கம். தலைவலியும் வாய்க்கசப்பும் கடுஞ்சினமும் சேர்ந்தால் தேக்கம் வெப்பமாக மாறிய நிலை. வீக்கமும் இளகிய மலமும் கனத்த உடலும் காணப்பட்டால் மண்ணீரல், சிறுநீரகத் தளர்ச்சி. உறக்கமின்மையும் அழுகையும் களைப்பும் மிகுந்தால் குருதிக் குறைவு. இக்கோலத்திற்கேற்ப மருந்து மாறும். தேக்கநிலைக்கு வழங்கப்படும் ‘சியாவ் யாவ் சான்’ என்னும் கூட்டுமருந்து சொங் பேரரசுக் காலத்து அரசு மருந்தகத் தொகைநூலில் இடம்பெற்றது. தமிழர் அறிந்த இஞ்சி, அதிமதுரம், புதினா ஆகியவற்றின் சீன இனங்கள் அதில் சேர்கின்றன.

4. தமிழாக்கத்தில் எழும் சிக்கல்

மேற்கண்ட விளக்கத்தில் ‘கல்லீரல்’ என்னும் சொல் உடற்கூற்றியல் குறிக்கும் உறுப்பன்று. சீன மருத்துவத்தின் ‘கான்’ என்பது சினம், கண்பார்வை, தசைநார், குருதிச் சேமிப்பு ஆகியவற்றை ஒருங்கே ஆளும் ஒரு செயற்பாட்டுத் தொகுதி. இவ்வேறுபாட்டைச் சுட்டாமல் மொழிபெயர்த்தால், மார்பக வலியுடைய பெண் தமக்குக் கல்லீரல் நோய் உள்ளதாக அஞ்ச நேரிடும்.

ஐம்பூதங்களோடு பொருத்துவதிலும் இத்தகைய பிழை நேர்கிறது. சீன மரபு கூறும் ஐந்து மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்பன. அவற்றுள் காற்றும் வானும் இல்லை. மேலும், அவை பொருள்கள் என்பதைவிட ஒன்று மற்றொன்றாக மாறும் இயக்கநிலைகளையே சுட்டுகின்றன. ‘ச்சி’யை வாயு என்று பெயர்ப்பதும் முழுமையாகப் பொருந்தாது; சித்த மருத்துவத்தில் வாயு முக்குற்றங்களுள் ஒன்று; சீனத்தில் ‘ச்சி’ அனைத்திற்கும் பொதுவான ஆற்றல். அக்குபங்சரை இந்திய அரசு 2019இல் தனிச் சிகிச்சை முறையாக ஏற்றுள்ள சூழலில், தமிழ்ப் பாடநூல்களுக்கு இச்சொல் தெளிவு இன்றியமையாதது.

5. சித்த மருத்துவ ஒப்புநோக்கு

சித்த மருத்துவம் வளி, அழல், ஐயம் என்னும் மூன்றும் முறையே 1, ½, ¼ மாத்திரை அளவில் அமைவதை இயல்பு என்கிறது. பத்து வாயுக்களுள் ஒன்றான அபானன் மலம், சிறுநீர், சூதகம், மகப்பேறு ஆகிய கீழ்நோக்கு வெளியேற்றங்களை நடத்துகிறது. அதன் போக்குத் தடைப்பட்டால் வயிற்று உப்புசம், மலக்கட்டு, இடுப்புவலி ஆகியன தோன்றும். அழல் மிகுந்தால் எரிச்சலும் தலைவலியும், ஐயம் மிகுந்தால் கனமும் வீக்கமும் சோம்பலும் உண்டாகும். இந்த மூவகைப் பகுப்பு, சீன மருத்துவத்தின் தேக்கம், வெப்பம், தளர்ச்சி ஆகிய கோலங்களோடு குறிகளின் அளவில் நெருங்கி நிற்கிறது.

வேறுபாடும் அடிப்படையானதே. சீன விளக்கத்தின் மையம் ஓட்டமும் தடையும். சித்த விளக்கத்தின் மையம் அளவும் மிகுதி குறைவும். முன்னது மனவெழுச்சியை நேரடியாக ஓர் உறுப்புத் தொகுதியோடு இணைக்கிறது. பின்னது உணவு, செயல், பருவகாலம் ஆகியவற்றின் வழியே குற்றங்களின் மாற்றத்தைக் காண்கிறது.

6. அடக்குதலும் தேக்கமும்

இரு மரபுகளும் மிக அணுக்கமாகச் சந்திக்கும் இடம் அடக்குதல் பற்றிய கருத்தாகும். சீன மருத்துவம் அடக்கிய சினத்தைக் காரணமாகக் கூறுகிறது. சித்த மருத்துவம் அடக்கலாகாத 14 வேகங்களை வகுத்து, அவற்றுள் அபானவாயு, சிறுநீர், மலம், பசி, நீர்வேட்கை, உறக்கம், கண்ணீர் ஆகியவற்றையும் சேர்த்துள்ளது.

இக்கருத்தின் இன்றைய பொருத்தத்திற்கு அரக்கோணத்திலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவிலுள்ள சென்னைக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்பும் பெண்களின் வாழ்க்கைமுறையைச் சான்றாகக் கொள்ளலாம். புறநகர் மின்தொடர் வண்டிகளில் கழிப்பறை இல்லை. ஒரு வழிப் பயணத்திற்கு 2 மணி நேரம் வரை ஆகும். சிறுநீர் அடக்க வேண்டியிருப்பதால் நீர் அருந்துவதைக் குறைப்பதும், வண்டியைப் பிடிக்க உறக்கத்தையும் காலை உணவையும் விடுவதும் இத்தகைய பயணத்தில் இயல்பாகிவிடுகின்றன. பலர் முன்னிலையில் கண்ணீரும் அடக்கப்படுகிறது. மரபு நூல் தவிர்க்கச் சொல்லும் வேகங்களுள் குறைந்தது ஐந்தை இவ்வாழ்க்கைமுறை அடக்கச் செய்கிறது. இவ்வடக்குதலே நோய்க்குறித்தொகையைத் தோற்றுவிக்கிறது என்று கூற இயலாது. எனினும், ‘மனத்தை அமைதியாக வைத்துக்கொள்க’ என்று பெண்ணுக்கு மட்டும் அறிவுரை கூறும் போக்கை இம்மரபுக் கருத்து மறுக்கிறது. அடக்கும்படி நேர்வித்த சூழலையும் நோய்க்காரணத்தின் பகுதியாக நோக்க அது இடந்தருகிறது.

7. சான்றுகளும் வரம்புகளும்

உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு நோய் வகைப்பாட்டு 11ஆம் பதிப்பு 2022 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 26ஆம் இயல் சீனம் முதலிய கிழக்காசிய மரபு மருத்துவக் கோலங்களைத் தொகுக்கிறது. கல்லீரல் உயிராற்றல் தேக்கமும் அதில் உண்டு. ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றுக்கான தொகுதி 2024 சனவரியில் புதுதில்லியில் வெளியிடப்பட்டது. இப்பதிவு நோய்களை எண்ணிக் கணக்கிடுவதற்கு உரியது. சிகிச்சையின் பயனுக்கு அளித்த ஒப்புதலன்று.

அக்குபங்சர், அக்குபிரசர் குறித்த 2018ஆம் ஆண்டுக் காக்ரேன் மீளாய்வு 277 பெண்கள் பங்கேற்ற 5 ஆய்வுகளை மதிப்பிட்டது. குறிகள் குறையக்கூடும் என்னும் அறிகுறி காணப்பட்டாலும், சான்றின் தரம் குறைவு அல்லது மிகக் குறைவு என்றே அது முடிவு செய்தது. மூலிகைகளிலும் கவனம் தேவை. ஐரோப்பாவில் ஆராயப்பட்ட வைடெக்சு அக்னசு-காசுடசு நொச்சியின் பேரினத்தைச் சேர்ந்தது. ஆயினும் சிற்றினம் வேறு. அதன் முடிவுகளை நொச்சிக்கு ஏற்றிக் கூறலாகாது. அதிமதுரம் அளவு மிகுந்தால் உடலில் நீரைத் தேக்கி, குருதியழுத்தத்தை உயர்த்தும். வீக்கமே முதன்மைக் குறியாக உள்ள பெண்ணுக்கு இது எதிர்விளைவாகும். தற்கொலை எண்ணம் தோன்றுமளவுக்கு மனச்சோர்வு கடுமையானால் உடனடியாக உளமருத்துவரை நாடுவதே முறை.

8. முடிவுரை

- சீன மரபு மருத்துவம் இந்நோய்க்குறித்தொகையைத் தேக்கமாகவும், சித்த மருத்துவம் அபானன் உள்ளிட்ட வாயுக்களின் தடையாகவும் முக்குற்ற மாறுபாடாகவும் விளக்க இடந்தருகின்றன.
- ‘கல்லீரல்’, ‘ச்சி’, ஐந்து இயக்கநிலைகள் ஆகியவற்றைத் தமிழ்க் கருத்துகளோடு நேருக்கு நேர் சமப்படுத்துதல் பிழையான புரிதலுக்கு வழிவகுக்கும்.
- அடக்குதல் பற்றிய இரு மரபுகளின் ஒற்றுமை, உழைக்கும் பெண்களின் பயண, பணிச் சூழலை ஆராயத் தக்க கருவியாகும்.
- மூன்று மருத்துவ முறைகளுக்கும் பொதுவான தேவை நாள்குறிப்பேயாகும். தொடர்ந்து இரண்டு மாதவிடாய்ச் சுழற்சிகளுக்கு அன்றாடக் குறிகளைப் பெண் தாமே பதிவுசெய்தால் நோயின் காலமும் கோலமும் தெளியும்.

சித்த மருத்துவமனைகளின் பெண்மருத்துவப் பிரிவுகளில் இத்தகைய நாள்குறிப்பை நாடித்தேர்வோடு இணைத்துப் பதிவுசெய்யும் ஆய்வுகள் மேற்கொள்ளப்படுமாயின், மரபுக் கோலங்களின் பொருத்தத்தைச் சோதிக்க இயலும். இதுவரை குணமெனக் கருதப்பட்ட துன்பத்திற்குத் தமிழில் ஒரு பெயரும் நிலைபெறும்.