மெய்நிகர் கணினியின் கடிகாரம்

ஒரு பௌதிகக் கணினியினுள் மென்பொருளின் உதவியால் இயங்கும் மற்றொரு கணினியே மெய்நிகர் கணினி எனப்படும். அதனை இடைநிறுத்தலாம், இயங்கும்போதே வேறொரு கணினிக்கு இடம்பெயர்க்கலாம். நிறுத்தப்பட்ட வேளையில் அதன் பணிசெயல் முறைமை நேரத்தைக் கணிப்பதில்லை. மு.ப. 10.00 மணிக்கு நிறுத்தி 10.30 இற்கு மீள இயக்கினால், கடிகாரம் 10.00 எனவே காட்டக்கூடும். இதனால் கொடுக்கல் வாங்கல் பதிவுகளின் ஒழுங்கு குழம்பும்.

இதனை எவ்வாறு திருத்தலாம்?

1985 இல் வெளியிடப்பட்ட வலையமைப்பு நேர நெறிமுறையின்படி சரியான நேரத்தை வலையமைப்பினூடாகப் பெறலாம். இதற்குரிய என்ரீபிடீ மென்பொருள் கடிகாரத்தைப் படிப்படியாகத் திருத்துகையில், செக்கனுக்கு ஆகக்கூடியது 0.5 மில்லிசெக்கனே திருத்தும்.

பிந்திய நேரம் = 30 × 60 = 1800 செக்கன்
தேவையான காலம் = 1800 ÷ 0.0005 = 3,600,000 செக்கன் (ஏறத்தாழ 42 நாட்கள்)

எனவே மீள இயங்கியவுடன், தாங்கியிருக்கும் பௌதிகக் கணினியின் நேரத்தைப் பெற்று ஒரே தடவையில் முன்னகர்த்த வேண்டும். இடம்பெயர்வின்போது ஏற்படும் மிகச் சிறிய வித்தியாசத்தைப் படிப்படியாகத் திருத்தலாம்.

நினைவிற் கொள்க: இயங்கும் கடிகாரத்தைத் திடீரெனப் பின்னகர்த்தலாகாது. அவ்வாறு செய்தால் ஒரே நேரம் இரு தடவை பதிவாகும். எது முந்தியது என்பதை அறிய முடியாது.