தொட்டிலில் உறங்கும் பிள்ளை பாயில் விழிப்பதேன்?

மாலை ஏழு மணி. இராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்தில் ஒரு வீடு. உலை கொதிக்கிறது. மூன்று வயது மூத்தவன் பருப்பு டப்பாவைக் கவிழ்த்து, தரை முழுவதும் பரப்பிக்கொண்டிருக்கிறான். தந்தை நூற்பாலையில் இரவு ஷிப்டுக்குப் போய்விட்டார். ஒன்றரை மாதக் கைக்குழந்தையோ வீடு அதிர அழுகிறது. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, அழுகை நிற்கவில்லை. சேலைத் தொட்டிலில் இட்டு ஆட்டியதும் மெல்லக் கண் மூடுகிறது. அப்பாடா என்று தூக்கிப் பாயில் கிடத்தினால் மறுகணமே வீறிடுகிறது!

"ஏத்தா, பிள்ளையக் கீழ போட்டா முழிச்சுக்கிடும்னு சொன்னேன்ல?" என்கிறார் பாட்டி.

பாயில் முள்ளா இருக்கிறது? இல்லை. பிள்ளையின் பிடிவாதமும் இல்லை. விடை அதன் காதுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் இருக்கிறது.

காது கேட்பதற்கு மட்டுமன்று. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. அவற்றினுள் நீர்மம் நிரம்பியிருக்கிறது. தலை திரும்பும்போது அந்நீர்மம் பின்தங்கி, நுண்ணிய மயிரிழைகளை வளைக்கிறது. மூளைக்குச் செய்தி போகிறது. குழல்களை அடுத்துள்ள இரு சிறு பைகள் மேலும் கீழும், முன்னும் பின்னும் நிகழும் அசைவை உணர்த்துகின்றன. இவ்வுறுப்பு பிறப்பதற்கு முன்பே வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. தாய் நடந்தால், குனிந்தால், குடம் சுமந்தால், கருப்பையிலுள்ள சிசுவும் அசைந்தது. ஆகவே அசைவின்மைதான் அதற்குப் புதிது!

தொட்டிலாட்டம் இயற்பியல் பாடத்தில் நாம் படித்த ஊசல்தான். ஆட்டம் சிறிதாக இருக்கும் வரை, ஒருமுறை போய்த் திரும்பும் நேரம் ஊசலின் நீளத்தைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததன்று. கொக்கியிலிருந்து குழந்தை கிடக்கும் இடம் வரை 1 மீட்டர் என்றால் 2 விநாடி. 2 மீட்டர் என்றால் ஏறக்குறைய 2.8 விநாடி. உள்ளே இருப்பது 3 கிலோ பச்சிளங் குழந்தையானாலும் 9 கிலோ தவழும் பிள்ளையானாலும் கணக்கு ஒன்றே. கடிகாரத்தை வைத்துக்கொண்டு பத்து ஆட்டங்களை எண்ணிப் பாருங்கள். பத்தால் வகுத்தால் விடை கிடைக்கும். உயர்ந்த உத்தரத்தில் கட்டிய தொட்டில் நிதானமாக ஆடுவதன் இரகசியம் இதுவே.

பெரியவர்களுக்கும் இந்த மயக்கம் உண்டு. 2011-இல் ஜெனீவாவில் 12 ஆடவர்களை ஆடும் கட்டிலில் பகலுறக்கம் கொள்ளச் செய்தார்கள். 4 விநாடிக்கு ஓர் ஆட்டம். ஆடாத கட்டிலைவிட அதில் விரைவாக உறங்கிவிட்டார்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் நம் தோளில் சாய்வதை இனி மன்னித்துவிடலாம்.

இனி நெஞ்சுக்கு வருவோம். ஜப்பானில் ரிக்கென் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த குமி குரோடாவும் அவருடைய குழுவினரும் குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தனர். தாய் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட, எழுந்து நடந்தால் சில விநாடிகளிலேயே துடிப்பு தணிந்து குழந்தை அடங்குகிறது என்று 2013-இல் வெளியிட்டனர். எலிக்குஞ்சுகளிடமும் இதே போக்கைக் கண்டனர். தாய் இடம் பெயரும்போது குஞ்சு துள்ளாமல் இருந்தால்தானே இருவரும் பிழைக்க முடியும்?

2022-இல் அதே குழு 21 குழந்தைகளைக் கவனித்தது. 5 நிமிடம் தூக்கி நடந்தபோது அழுத குழந்தைகள் அடங்கின; ஏறக்குறையப் பாதி உறங்கின. ஆனால் படுக்கையில் இட்டதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 20 விநாடிக்குள் விழித்துக்கொண்டன. சுவையான செய்தி இதுதான்: துடிப்பு மாறியது முதுகு படுக்கையைத் தொட்டபோதன்று; தாயின் உடலிலிருந்து பிரியத் தொடங்கியபோதே! இடுவதற்கு முன் சற்று அதிக நேரம் உறங்கிய குழந்தைகள் அவ்வளவாக விழிக்கவில்லை. எனவே அவர்கள் சொன்ன வழி: 5 நிமிடம் நடந்து, பின் 5 முதல் 8 நிமிடம் வரை குழந்தையோடு அசையாது உட்கார்ந்து, அதன் பிறகு கிடத்துவது. இந்த ஆய்வு தாயின் கையைப் பற்றியது, சேலைத் தொட்டிலைப் பற்றியதன்று. ஆயினும் கண் மூடியதுமே தூக்கிக் கிடத்தும் அவசரம் தொட்டிலிலும் பலிக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இத்தனையும் செய்தும் அடங்காத மாலைகள் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 80 தாய்மாரை நாட்குறிப்பு எழுதச் செய்து, 1962-இல் முடிவை வெளியிட்டார். நோயற்ற குழந்தைகளே ஆறாவது வாரத்தில் நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரம் அழுதன. அதுவும் பெரும்பாலும் மாலையில். மூன்று மாதம் ஆகும்போது அழுகை வெகுவாகக் குறைந்தது. காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, துவண்டு கிடந்தாலோ அது வேறு கதை. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆபத்து நமது பொறுமை தீரும் இடத்தில் இருக்கிறது. பச்சிளங் குழந்தையின் தலை அதன் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. கழுத்துத் தசையோ வலுவற்றது. ஆத்திரத்தில் தோளைப் பிடித்து உலுக்கினால், மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையேயுள்ள இரத்தக் குழாய்கள் அறுந்துவிடும். பார்வை போகலாம், உயிரும் போகலாம். கை நடுங்குமளவு கோபம் வந்தால், குழந்தையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு வாசலுக்குப் போய் நில்லுங்கள். சில நிமிடம் அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் நேராது.

தொட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. துணி மடிப்பில் சிறு குழந்தையின் முகவாய் மார்பில் அழுந்தினால் மூச்சுத் தடைப்படும். உறக்கம் ஆழ்ந்ததும் தட்டையான பாயில் மல்லாக்க மாற்றுவதே நல்லது. தொட்டில் காலியானதும் சேலையை அவிழ்த்துவிடுங்கள். மூத்த பிள்ளைகள் அதை ஊஞ்சலாக்கிச் சுற்றி விளையாடும்போது துணி முறுக்கிக் கழுத்தை இறுக்கி உயிரிழந்த செய்திகள் தமிழ்நாட்டு நாளேடுகளில் மீண்டும் மீண்டும் வருகின்றன.

அழுகை உச்சத்தில் இருக்கும் அதே ஆறாவது, எட்டாவது வாரங்களில் இன்னொன்றும் நிகழ்கிறது. அதுவரை உறக்கத்தில் தானாக வந்துபோன சிரிப்பு, இப்போது எதிரே உள்ள முகத்தைப் பார்த்து வருகிறது. சோழபுரத்து வீட்டில் அது மறுநாள் காலை வந்தால், முதலில் கிடைப்பது யாருக்கோ தெரியாது. பருப்பைக் கொட்டிய அண்ணனுக்காகவும் இருக்கலாம்.