தென்னை உச்சியும் திண்ணைப் பேரமும்

மயிலாப்பூரில் நம் தெருவுக்கு மரமேறி வந்தாரென்றால், ஆபத்து முதலில் திண்ணையிலேதான் ஆரம்பமாகும். "ஐந்து நிமிஷ வேலைக்கு இவ்வளவு கூலியா?" என்பார் வீட்டுக்காரர். காய்ந்த மட்டையைக் கழிக்க வேண்டும். குரும்பை உதிரக் கூடாது. அண்டை வீட்டு ஓடு உடையக் கூடாது. குப்பையையும் அவரே வார வேண்டும்!

மேலே சமாசாரம் வேறு. காலில் தளைக்கயிறு ஒன்றுதான் ரட்சை. ஒரு கை மரத்திலும் மறு கை அரிவாளிலும் இருக்கையில், கொட்டுகிற குளவியை எந்தக் கையால் விரட்டுவது? அருகே மின்சாரக் கம்பி போனாலோ, சரியும் பச்சை மட்டையே எமன்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அதன் பிறகு பயந்துபோன தியாகராய நகர் நண்பர் ஒருவர், தம் வீட்டுத் தூங்குமூஞ்சி மரத்தில் வீட்டுப் பக்கத்துக் கிளைகளை மட்டும் வெட்டச் சொன்னார். "பாரம் ஒரு பக்கமானால் மரம் தெருவில் சாயும்" என்றார் தொழிலாளி. "சொன்னதைச் செய்" என்று அதட்டல் வந்தது. அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, கூலியில்லாமலே போய்விட்டார். நமக்கு அவர்மேல் பெரும் மதிப்பு.

தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல், ஏறும் கருவியில் பயிற்சியும் விபத்து இன்ஷ்யூரன்ஸும் சேர்த்து ஒரு திட்டம் தொடங்கியது. நம் தெரு மரமேறியிடம் அதைப் பிரஸ்தாபித்தோம்.

"முதல்லே எதிர் வீட்டு அம்மாகிட்டே போன மாசப் பாக்கியை வாங்கிக் கொடுங்க, ஸார்" என்றார்.