மெத்தூசலா செத்த வருஷம்

உலகம் உண்டான தேதி பைபிளில் எந்தப் பக்கத்திலும் இல்லை. கி.மு. 4004, அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை என்று பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பைபிளே அப்படிச் சொல்கிறது என்றும் நினைத்திருப்பார்கள். சொன்னவர் ஜேம்ஸ் அஷர், அயர்லாந்தில் அர்மா பேராயராக இருந்தவர். 1650-இல் லத்தீனில் வெளியிட்ட தடித்த சரித்திர நூலின் தொடக்கத்தில் இந்தத் தேதியை வைத்தார். 1701-இல் அச்சான ஓர் ஆங்கில பைபிள் அவருடைய வருஷங்களைப் பக்க ஓரத்தில் போட்டது. பின்னால் வந்த பதிப்புகளும் அதையே பிடித்துக்கொண்டன. தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஓரத்தில் இருந்ததும் வேதவசனம் போலவே ஆகிவிட்டது.

அஷரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் மனிதர் ஏனோதானோவென்று தேதி குறித்தவர் அல்ல. டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், இனிக் கொஞ்சம் கூட்டல் இருக்கிறது.

ஆதியாகமம் 5-ஆம் அதிகாரத்தில் ஒரு வம்ச வரிசை வருகிறது. இன்னார் இத்தனை வயதில் மகனைப் பெற்றார், அதன்பின் இத்தனை வருஷம் வாழ்ந்தார், பிறகு செத்தார். ஆதாமுக்கு 130 வயதில் சேத், சேத்துக்கு 105 வயதில் ஏனோஸ், இப்படியே போய்ப் பத்தாவது ஆள் நோவா. அவருக்கு 600 வயதானபோது வெள்ளம். கூட்டிப் பாருங்கள்: ஆதாமிலிருந்து வெள்ளம் வரை 1656 வருஷம். பிறகு ஆபிரகாம், எகிப்தை விட்டு வெளியேறியது, சாலமோன் கட்டிய ஆலயம், யூதாவின் ராஜாக்கள் என்று வரிசை நீள்கிறது. எங்காவது ஓரிடத்தில் இது வெளியுலகச் சரித்திரத்தோடு முட்டினால்தான் கி.மு. என்று சொல்ல முடியும். அஷர் பிடித்த இடம், பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் இறந்த கி.மு. 562. அங்கிருந்து பின்னோக்கிப் போனார். யூதர்களின் ஆண்டு இலையுதிர் காலத்தில் பிறக்கிறது, படைப்பின் முதல் நாள் ஞாயிறு. ஆகவே இரவும் பகலும் சமமாகும் நாளை ஒட்டிவரும் ஞாயிற்றுக்கிழமையைத் தேடினார். பழைய ஜூலியன் நாட்காட்டியில் அது அக்டோபர் 23-இல் விழுந்தது. கெப்ளரும் நியூட்டனும்கூட இதே கணக்கைப் போட்டுக் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் வந்து நின்றார்கள்.

கணக்கு சரி, ஆனால் எந்தப் பிரதியை வைத்துப் போடுவது? அஷர் எபிரேயப் பிரதியை எடுத்தார். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்ட பழைய ஏற்பாட்டில், சேத் பிறந்தபோது ஆதாமுக்கு வயது 230. அடுத்தவர்கள் பலருக்கும் இதே மாதிரி நூறு நூறாகக் கூடுகிறது. அதில் வெள்ளம் வரைக்கும் 2242 வருஷம். பைசாந்தியச் சபைகள் அந்தக் கணக்கை வைத்து உலகத்தின் தொடக்கத்தைக் கி.மு. 5509 என்றன. ருஷ்யாவில் மகா பீட்டர் 1700-இல் நாட்காட்டியை மாற்றும்வரை ஆண்டுக்கணக்கே அதுதான். யூதர்களின் கணக்கோ கி.மு. 3761. மூன்று தரப்புமே வேதத்தை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள்தான். அவர்களுக்கு இடையில் விழுந்த இடைவெளி 1700 வருஷத்துக்கும் மேல்.

இந்த இடத்தில் மெத்தூசலாவைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 969 வருஷம் வாழ்ந்தவர், பைபிளிலேயே அதிக ஆயுள் அவருக்குத்தான். எபிரேயப் பிரதியில் அவருக்கு 187 வயதில் லாமேக்கு, லாமேக்குக்கு 182 வயதில் நோவா, நோவாவுக்கு 600 வயதில் வெள்ளம். மூன்றையும் கூட்டினால் மிகச்சரியாக 969. வெள்ளம் வந்த வருஷமே கிழவர் போய்ச்சேர்ந்துவிட்டார். கிரேக்கப் பிரதிகள் பலவற்றில் அதே இடத்தில் 167-உம் 188-உம் இருக்கின்றன. 600-ஐச் சேர்த்தால் 955. அப்படியானால் வெள்ளம் வடிந்த பிறகும் மெத்தூசலா 14 வருஷம் உயிரோடு இருக்கிறார். பேழையில் ஏறியவர்களோ நோவா குடும்பத்து எட்டுப் பேர் மட்டும். கிழவர் எங்கே நின்றுகொண்டிருந்தார்? இதை நாத்திகர் யாரும் கண்டுபிடித்துக் கேட்கவில்லை. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித அகஸ்டின் தம் 'கடவுளின் நகரம்' நூலில் எடுத்து அலசிய சிக்கல் இது. பிரதி எடுத்தவர் கை பிசகியிருக்கிறது, எபிரேய எண்ணையே நம்பலாம் என்று அவர் முடித்தார்.

அதே அகஸ்டின் ஆறு நாள் படைப்பைப் பற்றி என்ன சொன்னார் என்பதுதான் இன்னும் சுவாரசியம். சூரியன் நாலாம் நாள்தான் வருகிறது, அதற்கு முந்திய மூன்று நாளும் எந்த வகை நாள் என்ற கேள்வியை 3-ஆம் நூற்றாண்டிலேயே ஓரிஜன் எழுப்பியிருந்தார். கடவுள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், ஆறு நாள் என்பது நம் அறிவுக்கு ஏற்ற அடுக்கு என்பது அகஸ்டினின் முடிவு. வானத்தையும் நட்சத்திரத்தையும் பற்றி நன்கு தெரிந்த அவிசுவாசிகள் முன்னால் கிறிஸ்தவர்கள் பைபிளைக் காட்டி உளறக் கூடாது, உளறினால் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்வதையும் அவர்கள் நம்பமாட்டார்கள் என்றும் கண்டித்தார். பூமியின் வயதைப் பற்றிய இன்றைய விவாதத்தில், பூமி பழையது என்னும் தரப்பு அகஸ்டினை அடிக்கடி துணைக்கு இழுக்கிறது. அவர் உலகத்துக்கு ஆறாயிரம் வருஷத்துக்குள்தான் வயது என்று நம்பியவர் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

டார்வின் வந்துதான் சர்ச்சின் தூக்கத்தைக் கெடுத்தார் என்று ஒரு கதை உண்டு. பாறைகள் அதற்கு முன்பே கெடுத்துவிட்டன, பாறையை உடைத்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் குருமார்கள். ஆக்ஸ்போர்டின் வில்லியம் பக்லண்ட் அவர்களில் ஒருவர். யார்க்‌ஷயரில் கிர்க்டேல் என்ற குகையில் 1821-இல் யானை, காண்டாமிருகம், கழுதைப்புலி எலும்புகள் கிடைத்தன. வெள்ளம் வெப்பநாடுகளிலிருந்து அடித்துக்கொண்டு வந்தது என்பது எல்லோருக்கும் வசதியான விளக்கம். பக்லண்ட் உயிருள்ள கழுதைப்புலி ஒன்றுக்கு மாட்டெலும்பைக் கடிக்கக் கொடுத்து, பல் பதிந்த தடத்தைக் குகை எலும்புகளோடு ஒப்பிட்டார். அச்சு அசலாக ஒன்றுதான். ஆக, கழுதைப்புலிகள் அந்தக் குகையிலேயே தலைமுறைகளாகக் குடியிருந்து இரையை இழுத்துவந்து தின்றிருக்கின்றன. எலும்புகளை மூடியிருந்த மண் நோவாவின் வெள்ளம் கொண்டுவந்ததுதான் என்று 1823-இல் எழுதிய பக்லண்ட், 1836-இல் அதையும் கைவிட்டார். கேம்பிரிட்ஜின் ஆடம் செட்விக், அவரும் குரு, 1831-இலேயே கைவிட்டிருந்தார். டார்வினின் நூல் வந்தது 1859-இல்.

அதற்காக இவர்கள் பைபிளை மூடிவைத்துவிடவில்லை. ஸ்காட்லாந்தின் தாமஸ் சால்மர்ஸ், ஆதியாகமத்தின் முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவே எத்தனை கோடி வருஷம் வேண்டுமானாலும் கழிந்திருக்கலாம் என்றார். கல்லுடைக்கும் தொழிலாளியாக இருந்து எழுத்தாளரான ஹியூ மில்லர், ஒவ்வொரு நாளும் ஒரு யுகம் என்றார். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பேராசிரியர் வில்லியம் ஹென்றி கிரீன் 1890-இல் வம்ச வரிசையிலேயே கைவைத்தார். மத்தேயு முதல் அதிகாரத்தில் யோராமுக்கு அடுத்து உசியா வருகிறார். ராஜாக்களின் புத்தகங்களைப் பார்த்தால் நடுவில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். லூக்காவின் பட்டியலில் வரும் ஒரு காயினான், எபிரேய ஆதியாகமத்தின் 11-ஆம் அதிகாரத்தில் இல்லை. வேதமே பெயர்களைத் தாண்டிப் போகிறதென்றால் அதைக் கூட்டி உலகத்தின் வயதைச் சொல்ல முடியாது என்றார் கிரீன். அவருடைய சகா பி. பி. வார்ஃபீல்ட், வேதம் பிழையற்றது என்ற கொள்கைக்கு இலக்கணம் எழுதியவர். மனிதகுலத்தின் வயது இறையியலுக்குப் பொருட்டே அல்ல என்று 1911-இல் எழுதினார்.

பிறகு 1925. டென்னசியில் டேட்டன் என்ற சிற்றூர், பரிணாமத்தைப் பாடம் நடத்தியதற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மேல் வழக்கு. அரசுத் தரப்பில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரயன், மூன்று தடவை ஜனாதிபதி வேட்பாளராக நின்றவர். ஜூலை 20 அன்று நீதிமன்றப் புல்வெளியில் ஸ்கோப்ஸின் வக்கீல் கிளாரன்ஸ் டாரோ பிரயனையே சாட்சியாக்கிக் குறுக்கு விசாரணை செய்தார். ஆறு நாள் என்றால் 24 மணி நேர நாளா என்ற கேள்விக்கு, அப்படி இருக்க வேண்டிய அவசியமில்லை என்றார் பிரயன். அடிப்படைவாதத்தின் முகமாக உலகம் பார்த்த மனிதருக்கே பூமிக்கு ஆறாயிரம் வருஷம்தான் என்ற பிடிவாதம் இல்லை.

அப்போது அந்தப் பிடிவாதத்தைக் காத்துவந்தவர்கள் முக்கியமாக ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள். சனிக்கிழமை ஓய்வுநாள்தான் அவர்களுடைய சபையின் அடையாளம். படைப்பு வாரம் நிஜமான வாரமாக இல்லாவிட்டால் அந்த ஓய்வுநாளுக்கு ஆதாரமே இல்லை. அவர்களில் ஒருவரான ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ், நிலவியல் படிக்காமலே, 1923-இல் பாறையடுக்கு அத்தனையும் ஒரே வெள்ளத்தில் படிந்ததென்று தடித்த நூல் எழுதினார். 1961-இல் ஜான் விட்கோம், ஹென்றி மோரிஸ் இருவரும் அதே வாதத்தை மெருகேற்றி வெளியிட்டார்கள். விட்கோம் பழைய ஏற்பாட்டு ஆசிரியர், மோரிஸ் நீரியல் பொறியாளர். அட்வென்டிஸ்டு அல்லாத சபைகளிலும் இளம் பூமிக் கொள்கை பெருவாரியாகப் பரவியது அதற்குப் பிறகுதான். ஆதித் திருச்சபையின் நம்பிக்கையாக இன்று முன்வைக்கப்படும் இயக்கத்துக்கு, அதன் இன்றைய உருவில், ஒரு மனிதனின் ஆயுள்தான் ஆகிறது.

எதிரில் நிற்கும் எண்கள் பெரியவை. விண்கல்லில் இருந்த காரீயத்தை அளந்து கிளேர் பாட்டர்சன் 1956-இல் சொன்ன பூமியின் வயது 455 கோடி. பிரபஞ்சத்துக்கு இன்றைய கணக்கில் 1,380 கோடி. பெருவெடிப்புக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமேட்ரே ஒரு கத்தோலிக்கக் குரு. 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அதைப் படைப்புக்கு ஆதாரம் போலப் பேசியபோது, அறிவியலையும் விசுவாசத்தையும் அப்படி முடிச்சுப் போடுவது லெமேட்ரேக்குப் பிடிக்கவில்லை.

எண்களைவிட ஒரு சம்பவம் நன்றாக விளக்கும். 1987 பிப்ரவரியில் நம் அண்டை விண்மீன் மண்டலம் ஒன்றில் ஒரு நட்சத்திரம் வெடிப்பதை வானியலாளர்கள் பார்த்தார்கள். வெளிச்சத்துக்குச் சில மணி நேரம் முன்பே அதன் நியூட்ரினோ துகள்கள் ஜப்பானில் பூமிக்கடியில் இருந்த கருவியில் பதிவாயின. தூரம் சுமார் 1,68,000 ஒளியாண்டு. உலகத்துக்கு ஆறாயிரம் வயது என்றால் அந்த வெளிச்சம் இன்னும் வந்தே சேர்ந்திருக்காது. வரும் வழியிலேயே வெளிச்சத்தைக் கடவுள் படைத்துவிட்டார் என்பது பழைய பதில். அப்படியானால் இல்லாத நட்சத்திரம் வெடித்ததாக நமக்குப் படம் காட்டியிருக்கிறார். கடவுள் பொய்க்காட்சி காட்டமாட்டார் என்று இளம் பூமிக்காரர்களே பலர் இந்தப் பதிலை விட்டுவிட்டார்கள். கதிரியக்கத்திலும் இதே கதிதான். அவர்களுடைய சொந்த ஆய்வுக்குழு 2005-இல் வெளியிட்ட அறிக்கை, இன்றைய வேகத்தில் 50 கோடி வருஷத்துக்கு ஈடான சிதைவு நடந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, முன்பு வேகம் பன்மடங்காக இருந்தது என்றது. அந்த வேகத்தில் கிளம்பும் சூடு பாறையையே உருக்கிவிடுமே? அதற்குத் தீர்வு இல்லை என்பதையும் அந்த அறிக்கையே ஒத்துக்கொள்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்? படிக்காதவர்கள் என்று ஒதுக்கிவிடுவது தவறு. என் கணிப்பில் வருஷக் கணக்கு மேலோட்டமானது. முடிச்சு சாவில் இருக்கிறது. ஒரே மனிதனால் பாவமும், பாவத்தால் மரணமும் உலகத்துக்குள் வந்தன என்கிறார் பவுல், ரோமர் 5-ஆம் அதிகாரத்தில். பாறைக்குள் புற்றுநோய் வந்த டைனோசர் எலும்பு இருக்கிறது. பூமி பழையது என்றால், ஆதாம் பிறக்கும் முன்பே கோடிக்கணக்கான வருஷம் வலியும் வேட்டையும் நடந்திருக்கின்றன. அப்படியானால் மரணம் பாவத்தின் சம்பளம் எப்படி ஆகும்? ஆகாவிட்டால் சிலுவையில் கிறிஸ்து எதைத் தோற்கடித்தார்? விசுவாசி இந்த வரிசையில் யோசித்தால், பாறையின் வயதை விட்டுக்கொடுப்பது மீட்பையே விட்டுக்கொடுப்பதாகத்தான் அவருக்குப் படும்.

பழைய பூமிக்காரர்களின் பதில், பவுல் பேசுவது மனிதனின் மரணத்தைப் பற்றி மட்டும் என்பது. 104-ஆம் சங்கீதத்தில் இரைக்காகக் கர்ஜிக்கும் சிங்கம் கடவுளின் படைப்பைப் புகழும் வரிசையில்தான் வருகிறது. 13-ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் அக்வினாஸ், மனிதன் பாவம் செய்ததால் சிங்கத்தின் சுபாவம் மாறிவிடவில்லை, ஏதேனிலும் அது மாமிசம்தான் தின்றிருக்கும் என்றார். விலங்குகளுக்கு இந்தப் பதில் போதும் என்றே நினைக்கிறேன். ஆதாமுக்குப் போதாது. பரிணாமத்தையும் ஒப்புக்கொண்டால், மனிதர்கள் ஒரே ஜோடியிலிருந்து வந்தார்களா, அந்த ஜோடி எப்போது வாழ்ந்தது என்ற கேள்விகள் வரிசையில் வந்து நிற்கின்றன. இந்த இடத்தில் பலர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அந்த விதத்தில் இளம் பூமிக்காரர்கள் மேல். தங்கள் கொள்கை எதைத் தாங்கி நிற்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பேச்சை மாற்றாதவர்களில் ஒருவர், மேடை விவாதங்களில் பல்லாண்டு விசுவாசத்துக்காக வாதாடிய தத்துவவாதி வில்லியம் லேன் கிரெய்க். 2021-இல் வெளியிட்ட நூலில் ஆதாம் உண்மையாகவே வாழ்ந்தவர் என்றார், ஆனால் ஏழரை லட்சம் வருஷத்துக்கும் முன்னால், நியாண்டர்தாலுக்கும் நமக்கும் பொது மூதாதையாக. இளம் பூமிக்காரர்கள் பாய்ந்தார்கள். அவர்கள் பாயாவிட்டாலும் கூட்டல் பாய்ந்திருக்கும். ஆதாமிலிருந்து ஆபிரகாம் வரை எபிரேயப் பட்டியலில் இருபது பெயர். ஏழரை லட்சத்தை வகுத்தால் தலைக்கு 37,500 வருஷம். கிரீன் சொன்ன இடைவெளி இவ்வளவுக்கு நீளாது. ஆகவே கிரெய்க், ஆதியாகமத்தின் முதல் பதினோரு அதிகாரங்களும் தொன்மமும் சரித்திரமும் கலந்தவை, அந்த எண்களைக் கூட்டவே கூடாது என்கிறார். அவர் பார்வையில், சரித்திரம் என்று கூசாமல் சொல்லத்தக்கது 12-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமோடு தொடங்குகிறது. லூக்காவின் வம்சப் பட்டியலோ இயேசுவில் தொடங்கி, ஆபிரகாமைத் தாண்டி, நோவாவையும் மெத்தூசலாவையும் தாண்டி, ஆதாம் வரை ஒரே மூச்சில் போகிறது. நடுவில் எந்தக் கோடும் லூக்கா போடவில்லை.