நிஃப்டி ஃபிஃப்டி

நிஃப்டி ஃபிஃப்டி என்பது 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் ஐக்கிய அமெரிக்காவின் பங்குச் சந்தையில் பெரிதும் விரும்பப்பட்ட ஏறத்தாழ ஐம்பது பெருநிறுவனங்களின் பங்குகளைக் குறிக்கும் வழக்குப் பெயர் ஆகும். பலரும் ஏற்றுக்கொண்ட ஒரு சந்தைக் கருத்தை ஆராயாமல் முதலீடு செய்வதன் விளைவுக்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. இந்தியத் தேசியப் பங்குச் சந்தை 1996 இல் அறிமுகப்படுத்திய நிஃப்டி 50 சுட்டெண் இதிலிருந்து வேறானது.

பின்னணி

இப்பங்குகளுக்கு அதிகாரபூர்வமான பட்டியல் எதுவும் இருந்ததில்லை. வங்கிகளும் தரகு நிறுவனங்களும் வெவ்வேறு பட்டியல்களைப் பயன்படுத்தின. ஐபிஎம், செராக்ஸ், போலராய்டு, ஈஸ்ட்மன் கோடாக், கொக்கக் கோலா, மெக்டொனால்ட்சு, வால்ட் டிஸ்னி, ஏவான் போன்றவை இவற்றுள் அடங்கும். இவை வலுவான வளர்ச்சி கண்டுவந்த நிறுவனங்கள் ஆகும். எனவே இவற்றை "ஒற்றை முடிவுப் பங்குகள்" என அழைத்தனர். அதாவது வாங்குவது என்ற ஒரு முடிவை மட்டும் எடுத்தால் போதும். விற்க வேண்டிய தேவை ஒருபோதும் எழாது என்பது பொருள். ஓய்வூதிய நிதியங்களும் வங்கிகளின் அறக்கட்டளைப் பிரிவுகளும் இவற்றைப் பெருமளவில் வாங்கின.

விலையும் வருவாயும்

ஒரு பங்கின் விலையை அப்பங்குக்குரிய ஆண்டு வருவாயால் வகுத்தால் கிடைப்பது விலை-வருவாய் விகிதம் ஆகும். 1972 இறுதியில் இப்பங்குகளின் சராசரி விகிதம் 40ஐத் தாண்டியிருந்தது. எஸ் அண்ட் பி 500 சுட்டெண்ணின் விகிதம் அப்போது சுமார் 19 மட்டுமே. அவ்வாண்டில் எஸ்எக்ஸ்-70 என்னும் உடனடி ஒளிப்படக் கருவியை வெளியிட்ட போலராய்டின் விகிதம் 90ஐயும் கடந்தது. வருவாய் வளராமல் இருப்பின், கொடுத்த விலைக்கு ஈடான தொகையை அந்நிறுவனம் ஈட்ட 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதே இதன் பொருள். எனவே அவ்விலையில் வாங்கியவர்கள், உண்மையில் நெடுங்கால உயர் வளர்ச்சிக்கு முன்கூட்டியே பணம் செலுத்தினர் எனலாம்.

வீழ்ச்சி

டௌ ஜோன்ஸ் சுட்டெண் 1973 சனவரியில் உச்சத்தை அடைந்து, 1974 டிசம்பருக்குள் ஏறத்தாழ 45% சரிந்தது. பணவீக்கம், வட்டி உயர்வு, 1973 எண்ணெய் நெருக்கடி ஆகியன முக்கிய காரணங்கள். போலராய்டு பங்கு சுமார் 149 டாலரிலிருந்து 14 டாலராகவும், ஏவான் 140 டாலரிலிருந்து 19 டாலராகவும் வீழ்ந்தன. 90% வீழ்ந்த பங்கு பழைய விலையை எட்டப் பத்து மடங்கு உயர வேண்டும். பட்டியலில் இருந்த நிறுவனங்களுள் பெரும்பாலானவை இக்காலத்திலும் இலாபம் ஈட்டியே வந்தன. நிறுவனத்தின் தரம் வேறு, அதன் பங்குக்குக் கொடுக்கும் விலை வேறு என்பதை இது காட்டியது.

பிற்கால ஆய்வு

இவ்வீழ்ச்சிக்குப் பின், இப்பங்குகளை வாங்கியது முழு மடமை என்ற எதிர்க் கருத்து பரவியது. அதுவும் கேள்விக்கு உட்படுத்தப்பட்டது. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் செரமி சீகல் 1990களில் செய்த ஆய்வின்படி, 1972 உச்ச விலையில் வாங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தவர்களின் ஈட்டம் சந்தையின் ஈட்டத்தை ஏறத்தாழ ஒத்திருந்தது. ஆயினும் குழுவுக்குள் வேறுபாடு பெரிது. மிக உயர்ந்த விகிதத்தில் விற்ற பங்குகள் பின்தங்கின. குறைந்த விகிதத்தில் கிடைத்த பிலிப் மோரிஸ் பெரும் ஈட்டம் தந்தது. போலராய்டு 2001 இலும் கோடாக் 2012 இலும் திவால் பாதுகாப்புக் கோரின. கணக்கிடும் முறையையும் கால எல்லையையும் மாற்றிய பிற ஆய்வாளர்கள் வேறுபட்ட முடிவுகளை அடைந்துள்ளனர்.

முதலீட்டாளருக்கான கேள்விகள்

ஒரு பங்கைப் பற்றிப் பரவலாகக் கூறப்படும் கருத்தை ஆராயப் பின்வரும் கேள்விகள் உதவும்.

* இன்றைய விலையை நியாயப்படுத்த வருவாய் எவ்வளவு வேகமாக, எத்தனை ஆண்டுகள் வளர வேண்டும்?
* அத்தகைய வளர்ச்சியை எத்தனை நிறுவனங்கள் முன்னர் எட்டியுள்ளன?
* எல்லோரும் அறிந்த நற்செய்தி ஏற்கெனவே விலையில் அடங்கியுள்ளதா?
* கருத்து பொய்த்தால் ஏற்படும் இழப்பைத் தாங்க இயலுமா?

இவற்றையும் பார்க்க

* பங்குச் சந்தை
* பொருளாதாரக் குமிழி
* விலை-வருவாய் விகிதம்